தண்ணி வர்ற வரிசை

ஜூன் 12ன்னா மத்த ஊர்க்காரங்களுக்கு அது வெறும் ஒரு தேதி. எங்களுக்கு அது காவிரித் தண்ணிக்கு மேட்டூர் டேம் தொறக்குற நாள். நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப எங்க வீட்ல ஒரு பழைய ரேடியோ இருந்துச்சு, சாயந்தரம் திருச்சி வானொலியில செய்தி வர்ற நேரத்துக்கு அப்பா எல்லாரையும் கையமத்துவாரு, மேட்டூர் நீர்மட்டம் எத்தன அடின்னு வர்ற அந்த ஒரு வரிக்காக வீடே மூச்சக் காட்டாம ஒக்காந்திருக்கும். அடி கணக்கக் கேட்டதும் அப்பா மூஞ்சி போற போக்க வச்சே அம்மாவுக்குத் தெரிஞ்சுரும் அந்த வருஷம் தீபாவளிக்கு ஜவுளி உண்டா இல்லையான்னு. 120 அடி நெறஞ்சா 93.47 டிஎம்சி, ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி, இந்தக் கணக்கெல்லாம் நான் ஸ்கூல்ல படிச்சதில்ல, அடுப்பங்கரையில ஒக்காந்து கேட்டே மனப்பாடம் ஆனது.

எங்க ஊரு திருத்துறைப்பூண்டிக்குத் தெக்க, முத்துப்பேட்டை பக்கம். டெல்டான்னு சொன்னா வெளியூர்க்காரங்க நெனைக்கிற பச்சப்பசேல் டெல்டா இல்ல இது, அது தஞ்சாவூர், கும்மோணம், திருவையாறு பக்கம். எங்களது வாலு. மேட்டூர்ல தொறந்த தண்ணி மூணு நாலு நாள்ல கல்லணைக்கு வந்துரும், அங்க காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், புது ஆறுன்னு நாலாப் பிரியும், வெண்ணாத்துல விட்டது நீடாமங்கலத்துகிட்ட மூணாறு தலைப்புல மறுபடி பிரியும், கோரையாறு ஒரு பக்கம், பாமணியாறு ஒரு பக்கம், அதுலேந்து வாய்க்கா, வாய்க்காலேந்து கிளை வாய்க்கா, அப்பறம் கன்னி வாய்க்கா, இப்படி ஒவ்வொரு மதகுலயும் ஒவ்வொரு ஷட்டர்லயும் நின்னு நின்னு எங்களுக்கு வந்து சேர இன்னும் பத்து பதினஞ்சு நாள் ஆயிரும், சில வருஷம் அதுக்கு மேலயும். அதனால எங்க பக்கம் குறுவைங்கிற மொதப் போக நெல்லுப் பேச்சே ரொம்ப கம்மி. சம்பா ஒரு போகந்தான், அதுவும் பாதிப் பேரு நாத்து வுட்டு நட மாட்டாங்க, தண்ணி எப்ப வரும்னு நம்ப முடியாததால நேரடி விதைப்பு. எங்களுக்குப் பேரே கடைமடை.

2012லேந்து 2019 வரைக்கும் எட்டு வருஷம் தொடர்ச்சியா ஜூன் 12ல டேம் தொறக்கல. 2017ல அக்டோபர் 2ஆம் தேதி தொறந்தாங்க. அதுக்கு முந்துன மழக்காலமும் பொய்ச்சு, கருகுன பயிரப் பாத்து வயல்லயே விழுந்து செத்தவங்க, மருந்தக் குடிச்சவங்கன்னு அந்த வருஷம் எங்க சுத்துவட்டாரத்துல எத்தன சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்தேன்னு எனக்குக் கணக்கு இல்ல. அப்பறம் 2022ல மே 24ஆம் தேதியே தொறந்தாங்க, சுதந்திரத்துக்கு அப்பறம் மே மாசத்துல தொறந்தது அதுதான் மொதல் தடவன்னு சொன்னாங்க. அதுக்கு அடுத்த வருஷமே ஜூன் 12ல தொறந்தும் பாதியில தண்ணி பத்தாம குறுவை கருகுச்சு. இப்படித்தான் எங்க பொழப்பு.

தண்ணி வர்றத நீங்க பாத்திருக்கீங்களான்னு தெரியல. ஆறு நெறஞ்சு ஓடுறத எல்லாரும் பாத்திருப்பாங்க, நான் சொல்றது காஞ்ச வாய்க்கால்ல மொத மொத தண்ணி வர்றது. அது தண்ணி மாதிரியே இருக்காது. முன்னாடி ஒரு குப்ப வரும், சருகு, வேப்பங்கொட்ட, ஆட்டுப் புழுக்க, பிளாஸ்டிக் டம்ளர், எல்லாத்தையும் ஒரு நுரை சுருட்டிக்கிட்டு வரும், அதுக்குப் பின்னாடிதான் தண்ணி. வேகமால்லாம் வராது, ஒரு கொழந்த தவழுற வேகந்தான், வெடிப்பு வெடிப்பா கெடக்குற களிமண்ணுல ஒவ்வொரு வெடிப்புக்குள்ளயும் எறங்கி அத நெரப்பிட்டுத்தான் அடுத்த அடிக்கு நகரும். அப்ப ஒரு சத்தம் வரும் பாருங்க, தரை குடிக்கிற சத்தம், சுர்ருன்னு, நடுவுல குபுக் குபுக்குன்னு காத்து வெளிய வரும். வெடிப்புக்குள்ள இருந்த எறும்பு, தேளு, பூரான் எல்லாம் கரையப் பாத்து ஓடும். கொக்கு எங்கேந்துதான் வருமோ, தண்ணிக்கு முன்னாடி முன்னாடி நடந்துக்கிட்டே பொறுக்கும். சின்ன வயசுல நாங்க அந்த நுரைக்கு முன்னாடி ஓடிக்கிட்டே "தண்ணி வருது தண்ணி வருது"ன்னு ஊரு வரைக்கும் கத்திக்கிட்டே வருவோம். பொம்பளைங்க நெல்லும் பூவும் எடுத்துட்டு வந்து தூவுவாங்க. எங்க அப்பாயி வாய்க்காவுல எறங்கி அந்த மொதத் தண்ணிய, அந்தக் குப்பத் தண்ணிய, ரெண்டு கையால அள்ளி கண்ணுல ஒத்திக்கும்.

இந்தத் தண்ணிக்காக நடந்த சண்டையெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். 1892ல ஒரு ஒப்பந்தம், 1924ல ஒரு ஒப்பந்தம், ரெண்டும் மெட்ராஸ் மாகாணத்துக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும். 1924 ஒப்பந்தத்தோட ஐம்பது வருஷ கெடு முடிஞ்சது 1974ல, நான் பொறந்தது அந்த வருஷம், அதனால எங்க அப்பா என்னைய வாய்தா முடிஞ்சு பொறந்த பொண்ணுன்னு சொல்லுவாரு. 1990 ஜூன்ல நடுவர் மன்றம், அடுத்த வருஷம் 205 டிஎம்சின்னு இடைக்காலத் தீர்ப்பு, 2007 பிப்ரவரி 5ஆம் தேதி இறுதித் தீர்ப்பு, அதுல எல்லைகிட்ட பிலிகுண்டுலுல 192 டிஎம்சி வரணும்னு சொன்னாங்க, 2018ல உச்ச நீதிமன்றம் அதுலேந்து 14.75ஐ கொறச்சு 177.25ன்னு ஆக்குச்சு, கொறச்சதுல 4.75 பெங்களூரு குடிதண்ணிக்கு. தீர்ப்பு வந்த அன்னைக்கு எங்கப்பா உசுரோட இல்ல. இருந்திருந்தா ரேடியோவ அணைச்சிருப்பாரு.

என் தங்கச்சி பெங்களூருலதான் இருக்கா, கல்யாணமாகிப் போயி இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு. 2016 செப்டம்பர்ல அங்க பஸ்ஸெல்லாம் எரிச்சாங்கல்ல, அன்னைக்கு ராத்திரி போன்ல அவ பேசுன குரல் இன்னும் என் காதுல இருக்கு. கீழ்வீட்டு கன்னடக்கார அம்மா ஒருத்தவங்க, இவங்க வீட்டு பைக்குல டிஎன் நம்பர் பிளேட் இருக்கேன்னு, தன்னோட பழைய புடவைய எடுத்துட்டு வந்து அந்த பிளேட்டுல சுத்தி அதுக்கு மேல தண்ணிக் குடத்தக் கவுத்து வச்சிருக்காங்க. எதுவும் பேசலையாம், கட்டிட்டு உள்ள போயிட்டாங்களாம். தங்கச்சி சொன்னா, "அக்கா, நான் குடிக்கிறதும் காவிரித் தண்ணிதான், நீ பயிருக்குக் கேக்குறதும் அதே தண்ணிதான், நான் யாரு பக்கம்க்கா நிக்கிறது". எனக்குப் பதில் சொல்லத் தெரியல. இன்னைக்கும் தெரியல. ஆனா உரிமை உரிமைதான், கீழ இருக்குறவங்களுக்கு மேல இருக்குறவங்க விட்டுத்தான் ஆகணும், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சு இல்ல. நான் இப்ப எழுத வந்தது வேற ஒண்ணு.

2017 வெயில் காலம். அம்மாவப் பாக்க ஊருக்குப் போயிருந்தேன். பஸ்ஸ விட்டு எறங்கி கடைத்தெருவுல டீ சொல்லிட்டு நிக்கிறேன், கடைக்குள்ள ஒரே காவிரிப் பேச்சு, கர்நாடகாக்காரன் நம்மள சாவடிக்கிறான், மேல ஒக்காந்துக்கிட்டு மடைய அடைச்சா கீழ இருக்குறவன் என்ன மண்ணையா திம்பான், அப்படி இப்படின்னு. நானும் ரெண்டு வார்த்த சேத்துப் பேசுனேன். வெளிய வேப்பமரத்தடியில ஒரு பெரியவர், எங்க ஊரு காலனிக்காரர், எழுவத்தஞ்சு வயசு இருக்கும், எங்க தாத்தா காலத்துலேந்து எங்க வயல்ல வேல செஞ்சவர். என்னையப் பாத்து, "ஏம்மா, நல்லாருக்கியளா"ன்னு கேட்டுட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு சொன்னாரு: "மேல இருக்குறவன் வுட்டாத்தான் கீழ இருக்குறவனுக்குன்றது கர்நாடகாகாரன் வந்து சொல்லித்தான் தெரியணுமாம்மா? இந்த ஊர்ல நாங்க எப்பயும் கடைமடைதான்."

கோவமா சொல்லல. வெயில் அதிகமா இருக்குன்னு சொல்ற மாதிரிதான் சொன்னாரு. எனக்கு டீ எறங்கல.

அவரு சொன்னது எங்க வாய்க்கால நெனச்சுப் பாத்தா அப்படியே சரி. எங்க ஊரு வாய்க்கால்ல தலைப்புல இருக்குறது பெரிய குடும்பங்க நெலம், அடுத்து எங்கள மாதிரி குடியானத் தெருக்காரங்க நெலம், எங்களுக்கு ஆறு மா, அதாவது ரெண்டு ஏக்கரு. அதுக்கும் கீழ, வாய்க்கா தேஞ்சு வெறும் வரப்போரக் கீறலா ஆகி வடிகால்ல போய் விழுற எடத்துல, காலனிக்காரங்களோட அரை ஏக்கரு, ஒரு ஏக்கரு. தண்ணி வர்ற வரிசை அப்படியே ஊரு ஒக்காந்திருக்குற வரிசை. யாரும் எழுதி வச்சு அமல்படுத்தல, நெலத்தோட சரிவே அப்படி இருக்குன்னு நாங்க சொல்லிக்கிட்டோம். ஆனா மேட்டுல யாரு, பள்ளத்துல யாருன்னு முடிவு பண்ணது நெலத்தோட சரிவா?

மேல இருக்குறவன் அடைச்சுக்கிட்டா என்ன ஆகும்னு எங்க வீட்டுக்கே தெரியும். எனக்கு ஒம்பது வயசு இருக்கும், எங்க பெரியப்பா வயல் எங்க வயலுக்கு மேல. சொந்தப் பெரியப்பா, எங்கப்பாவோட கூடப் பொறந்தவரு. முறை வச்சு தண்ணி விடுற காலம், ராத்திரி பன்னண்டு மணிக்கு எங்க முறை வரும்னு அப்பா ராந்தலும் மம்புட்டியும் எடுத்துக்கிட்டு வாமடைகிட்ட போயி ஒக்காந்திருக்காரு, தண்ணி வரவே இல்ல. மேல நடந்து போயிப் பாத்தா பெரியப்பா தன்னோட மடைய அடைக்காம, வாய்க்காவுக்குக் குறுக்க வைக்கோலும் களிமண்ணும் போட்டு முழுசா தன் வயலுக்குத் திருப்பிட்டு கயித்துக் கட்டிலப் போட்டுத் தூங்குறாரு. அன்னைக்கு வாய்ப்பேச்சு கைகலப்பாகி பெரியப்பாவுக்கு மம்புட்டிக் காம்பு பட்டு நெத்தி உடைஞ்சிருச்சு. பதினோரு வருஷம் ரெண்டு வீடும் பேசிக்கல. என் அக்கா கல்யாணத்துக்கு பெரியப்பா வரல, அவரு மகன் கல்யாணத்துக்கு நாங்க போகல. ஒரு ராத்திரித் தண்ணிக்கு. நல்ல மனுஷருதான் பெரியப்பா, எனக்கு ஆடிப்பெருக்குக்கு சப்பரம் செஞ்சு குடுத்தது அவருதான், செலுவையா பலகை வச்சு, பனங்கொட்டையில சக்கரம் வச்சு. ஆனா மேல இருந்தாரு. மேல இருந்தா மனுஷனுக்கு அப்படி ஒரு புத்தி வருது.

அந்தச் சண்டைய எங்க வீட்ல நூறு தடவ சொல்லியிருக்கோம். ஆனா அன்னைக்கு ராத்திரி எங்களுக்குக் கீழ இருந்த வயலுக்குத் தண்ணி போச்சான்னு ஒருத்தர் கூட, நான் உட்பட, ஒரு நாள் கூட கேட்டதில்ல.

நாங்க தண்ணி குடிக்கிற வாய்க்கா யாரு வெட்டுனதுன்னு கேட்டா உடனே கரிகாலன்னு சொல்லுவோம். கல்லணையில யானை மேல செலையும் இருக்கு. அந்த அணைய நானும் நெனச்சு நெனச்சுப் பெருமப்பட்டவதான், மணல் மேல கல்லப் போட்டு நிறுத்துன அந்த வேலையப் பாத்து ஆர்தர் காட்டனே அசந்து போயிருக்காரு, அப்பறந்தான் அவரு முக்கொம்புல மேலணையும் அணைக்கரையில கீழணையும் 1830கள்ல கட்டுனாரு. ஆனா இலங்கையோட பழைய வரலாத்துக் கதையில இன்னொண்ணு இருக்கு, சோழ ராஜா அங்கேந்து 12,000 பேர சிறைபிடிச்சுக் கொண்டாந்து காவிரி வேலைக்குப் போட்டான்னு. கதைதான், எண்ணிக்கை சரியா தப்பான்னு யாரு சொல்ல முடியும், ஆனா நம்ம பக்கம் கரை கட்டுன ராஜா பேரு நின்னிருக்கு, அவங்க பக்கம் கரைய கட்டப் போன ஆளுங்க எண்ணிக்கை நின்னிருக்கு. மண்ணு சுமந்தவன் வீட்லதான் அந்தக் கணக்கு நிக்கும்.

வெள்ளக்காரன் காலத்துல 1858ல ஒரு சட்டமே போட்டாங்க, வெள்ளம் வந்து கரை உடையுற மாதிரி இருந்தா ஊர்ல ஆளக் கட்டாயமா கூட்டி வேல வாங்கலாம்னு. குடிமராமத்துன்னு அதுக்கு ஒரு நல்ல பேரும் உண்டு, ஊரே ஒண்ணா சேந்து ஏரி குளம் வாய்க்காலப் பராமரிச்சதுன்னு இப்ப நாம ரொம்ப உருகிப் பேசுறோம். நானும் பேசியிருக்கேன். ஊரே ஒண்ணா சேந்ததுன்னா யாரு மம்புட்டி புடிச்சது, யாரு கரையில கொடையோட நின்னதுன்னு எங்க அம்மாகிட்ட கேட்டேன். அம்மா யோசிக்கவே இல்ல. "நம்ம ஆளுங்க எதுக்கு எறங்கப் போறாங்க, காலனி ஆளுங்கதான்"னு சொல்லுச்சு. வாய்க்கா வெட்டுனது அவங்க, உடைப்பு எடுத்தா ராத்திரி மூங்கிலும் கோணியும் தூக்கிட்டு ஓடுனது அவங்க, காவல் இருந்தது அவங்க. தண்ணி மட்டும் கடைசியா.

அவங்களக் கடைமடையில வச்சது தண்ணியில மட்டுமில்ல. பண்ணையாள்னா என்னன்னு எங்க தலைமொறைக்கே முழுசாத் தெரியாது. குடியிருக்குற குடிசையோட மண்ணு கூட மிராசுதாரோடது, எதுத்து ஒரு வார்த்த பேசுனா அன்னைக்கே குடிசையப் பிரிச்சுட்டு கெளம்பணும். தப்பு பண்ணிட்டான்னு சாணிப்பால் குடிக்க வச்சது, சவுக்கால அடிச்சது, இதெல்லாம் புராணம் இல்ல, எங்க தாத்தா வாலிபமா இருந்த காலம். அத எதுத்து 1940கள்ல இந்தப் பக்கம் ஊர் ஊரா நடந்து சங்கம் கட்டுனவரு பி. சீனிவாச ராவ். அவரு கர்நாடகத்துல பொறந்தவருன்னு நான் தெரிஞ்சுக்கிட்டது நாப்பது வயசுக்கு மேலதான். திருத்துறைப்பூண்டியில அவரோட நினைவிடத்தத் தாண்டித்தான் நான் காலேஜ் பஸ்ஸுக்குப் போவேன், செவப்புக் கொடி கட்டியிருப்பாங்க, ஏதோ கட்சித் தலைவருன்னு நெனச்சுக்கிட்டுப் போயிருக்கேன். காவிரி உற்பத்தியாகுற பக்கத்துலேந்து ஒரு மனுஷன் கெளம்பி வந்து, பாஷை கத்துக்கிட்டு, காவிரி முடியுற எடத்துல இருந்த சனங்களோட கஞ்சியக் குடிச்சு, அவங்க திண்ணையில படுத்து, ஒன்னைய அடிச்சா திருப்பி அடின்னு சொல்லிக் குடுத்துட்டு 1961ல செத்துப் போயிருக்காரு. எங்க ஸ்கூல்ல அவரப் பத்தி ஒரு வரி சொல்லல. நம்ம காவிரிப் பேச்சுல எங்கயுமே அவரு பேரு வர்றதில்ல, ஏன்னா அந்தப் பேச்சுக்குள்ள அவரு அடங்க மாட்டாரு.

1952ல பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, 1971ல குடியிருப்பு மனைய அவங்கவங்களுக்கே சொந்தமாக்குற சட்டம் வந்துச்சு. ரெண்டுக்கும் நடுவுலதான் கீழவெண்மணி. 1968 டிசம்பர் 25 ராத்திரி. கூலி நெல்லு கொஞ்சம் கூடக் கேட்டாங்க, சங்கத்துக் கொடிய எறக்க மாட்டோம்னாங்க, அதுக்கு 44 பேர, பொம்பளைங்க, கொழந்தைங்க, வயசானவங்கள, ஒரே குடிசைக்குள்ள வச்சு எரிச்சாங்க. கீழ்க்கோர்ட்டு குடுத்த தண்டனைய ஹைகோர்ட் ரத்து பண்ணுச்சு. எங்க ஊர்லேந்து வெண்மணி ரொம்ப தூரம் இல்ல. ஆனா எங்க வீட்ல அந்தப் பேரச் சொல்லி நான் கேட்டதே இல்ல. ஒரே ஒரு தடவ, அப்பாயி சாகுறதுக்கு முந்துன வருஷம், ஏதோ பேச்சுல, "அந்த வருஷம் கிறிஸ்துமஸ் கழிச்சு நம்ம வயல் ஆளுங்க யாரும் வேலைக்கு வல்ல, கதிரெல்லாம் அப்புடியே நின்னுச்சு"ன்னு சொல்லுச்சு. வேல நின்னுச்சுங்கிறதுதான் அதோட ஞாபகத்துல இருந்துச்சு. ரொம்ப நல்ல கெழவி, பசின்னு வந்தவங்கள சும்மா அனுப்புனதே இல்ல. அதனாலதான் எனக்கு அந்த ஒரு வரி இன்னும் வலிக்குது.

வெண்மணிக்கு அப்பறம் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மாவும் அவங்க வீட்டுக்காரரும் இந்தப் பக்கமே வந்து தங்கி, லாப்டின்னு அமைப்பு வச்சு, பெரிய நெலக்காரங்ககிட்ட பேசி நெலத்த வாங்கி ஏழைப் பொம்பளைங்க பேர்ல எழுதி வச்சாங்க. பொம்பளைங்க பேர்லன்னு ஏன் சொல்றேன்னா, ஆம்பளைங்க பேர்ல இருந்தா கடனுக்கும் குடிக்கும் போயிரும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எங்க ஊரு கடைமடையில இருக்குற துண்டு துண்டு வயல்ல பாதி பொம்பளைங்க பேர்லதான் பட்டா இருக்கு. எங்க தெருவுல எனக்குத் தெரிஞ்சு ஒருத்தி பேர்லயும் இல்ல, எங்கம்மா பேர்ல கூட அப்பா செத்த பெறகுதான் மாறுச்சு.

குடிக்கிற தண்ணியும் இதே கததான். எங்க பக்கம் கெணறு தோண்டுனா உப்பு, கடல் அவ்ளோ கிட்ட. ஊர்ல டேங்க் கட்டுனப்ப நான் ப்ளஸ் டூ படிச்சுக்கிட்டு இருந்தேன். டேங்க் எங்க தெருவுல. பைப்பு எங்க தெரு முழுக்க ஓடி, வீட்டுக்கு ஒண்ணு இழுத்தது போக, கடைசியா காலனி முக்குல ஒரே ஒரு பொதுக் கொழா. எங்க வீட்ல குடம் ரெண்டு நிமிஷத்துல நெறையும். அங்க ராத்திரி ரெண்டு மணிக்கு, நாங்கெல்லாம் கொழாய மூடிட்டுத் தூங்குன பெறகுதான், சொட்டு சொட்டா வரும்னு குடத்த வரிசையா வச்சுட்டு பொம்பளைங்க பக்கத்துலயே சாக்கப் போட்டுப் படுத்துக் கெடப்பாங்க. பரீட்சைக்குப் படிக்க முழிச்சிருந்தப்ப நான் பாத்திருக்கேன். பாத்துட்டு மறுபடி புஸ்தகத்தத் தொறந்து படிச்சிருக்கேன். இப்ப நெலம பரவாயில்ல, கொள்ளிடத்துத் தண்ணி கூட்டுக் குடிநீரா வருது, காலனியிலயும் வீட்டுக்கு வீடு கொழா இருக்கு. ஆனா பிரஷர் கொறஞ்சா மொதல்ல நிக்கிறது இன்னைக்கும் அங்கதான்.

காவிரி இப்ப எங்கெல்லாம் போகுதுன்னு நெனச்சுப் பாத்தா மலைப்பா இருக்கு. பெங்களூர்ல என் தங்கச்சி வீட்டுக்குப் போகுது. வீராணம் வழியா 2004லேந்து சென்னைக்குப் போகுது, ராமநாதபுரத்துக்குப் போகுது. சென்னையில ஒக்காந்து கர்நாடகாவத் திட்டுற யாராவது, நான் குடிக்கிற இந்தச் சொம்புத் தண்ணிக்குக் கீழ ஒரு கடைமடை இருக்குன்னு நெனச்சிருப்பாங்களா? அவங்கள நான் குத்தம் சொல்லல. எங்க ஊருக்குள்ளயே நாங்க நெனைக்கலையே. கர்நாடகாகிட்ட கேக்குற கேள்வி நியாயமான கேள்வி, அதே கேள்விய அதே வார்த்தையில எங்க வாய்க்காவோட கடைசி வயக்காரங்க எங்ககிட்ட நூறு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்காங்க, நாங்க கர்நாடகா மாதிரியே பதில் சொல்லிக்கிட்டு இருக்கோம். எங்களுக்கே பத்தல. எங்களது நெறஞ்ச பெறகு பாப்போம். மழ பெய்யட்டும்.

இந்த வருஷம் தண்ணி வந்தப்ப நான் லீவு போட்டுட்டு ஊருக்குப் போயிருந்தேன். தம்பி வெளிநாட்டுல, அம்மாவுக்கு முட்டி வலி, வயலப் பாக்க ஆள் இல்ல. வாய்க்கா இந்த வருஷம் நல்லா இருந்துச்சு, நூறு நாள் வேலையில காலனிப் பொம்பளைங்கதான் புல்லு பூண்டெல்லாம் அறுத்து தூரெடுத்திருந்தாங்க. ராத்திரி எங்க முறை. அம்மா கெளம்புறப்ப ரெண்டு தடவ சொல்லி அனுப்புச்சு, "நம்ம வயலு முழுசா நெறையட்டும், அவசரப்பட்டுக் கீழ வுட்றாத ஆயி, வெதப்பு முத்துனது, ஒரு தண்ணி கொறஞ்சாலும் போயிரும்". மம்புட்டியும் டார்ச்சும் எடுத்துக்கிட்டுப் போனேன். அப்பா ஒக்காந்திருந்த அதே எடம், வாமடைகிட்ட இருக்குற அந்தப் பனைமட்டத் திட்டு.

கொஞ்ச நேரத்துல கீழ வரப்புல ஒரு வெளிச்சம் தெரிஞ்சுச்சு. செல்போன் லைட்டு. கீழ வயக்கார ஆயா, எழுவது வயசுக்கு மேல, அன்னைக்கு டீக்கடையில பேசுன பெரியவரோட சம்சாரம். அவரு இப்ப இல்ல, கஜா புயல் அடிச்ச மறு வருஷமே போயிட்டாரு. ஆயா என்னையப் பாத்து, "நீங்களா வந்திய, அம்மாவுக்கு முடியலயா"ன்னு கேட்டுட்டு, முந்தானைய விரிச்சு வரப்புலயே ஒக்காந்துச்சு. "நெறஞ்சோன ஒரு கொரல் குடுங்க. நான் இங்ஙனதான் கெடப்பேன்." இந்த ஆயாவ சின்ன வயசுல நான் பேரச் சொல்லித்தான் கூப்புட்டிருக்கேன், வாடீ போடீன்னு, எனக்கு ஆறு வயசு, அதுக்கு முப்பது இருக்கும். எங்க தெருப் புள்ளைங்க எல்லாம் அப்படித்தான் கூப்புடுவோம், யாரும் தப்புன்னு சொன்னதில்ல. இப்ப "ஆயா, மேல வந்து திட்டுல ஒக்காருங்க, கீழ ஈரமா இருக்கு"ன்னு கூப்புட்டேன். "இருக்கட்டும்மா"ன்னுச்சு. மறுபடி கூப்புட்டேன். வரல.

தண்ணி எங்க வயல்ல முக்கா திட்டம் ஏறியிருந்துச்சு. டார்ச்ச அடிச்சுப் பாத்தா மேட்டுப் பக்கம் ஒரு மூலையில மட்டும் இன்னும் மண்ணு தெரியுது. விடியிறதுக்கு மூணு மணி நேரம் இருக்கு, விடிஞ்சா எங்க வரிசையோட முறை முடிஞ்சு அடுத்த வாய்க்காவுக்குத் திருப்பிருவாங்க. அந்த மூலை நெறையுற வரைக்கும் பாத்தா ஆயாவுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது. எழுந்திரிச்சு மடையில பாதி மண்ண வெட்டி எடுத்தேன். எனக்கு மம்புட்டி புடிச்சு பழக்கமில்ல, ரெண்டு தடவ காலுகிட்ட விழுந்துச்சு. ஆயா லைட்டத் தூக்கிட்டு ஓடி வந்து, "அப்புடி இல்லம்மா, இப்புடி சரிச்சுப் போடுங்க, இல்லன்னா கரை அரிச்சுரும்"னு எங்கையிலேந்து வாங்கி, எங்க வயக் கரை அரிக்காம இருக்க ரெண்டு பக்கமும் களிமண்ண வச்சு அமுக்கி, தன் வயலுக்குத் தண்ணி போற அளவுக்கு மட்டும் வாய வச்சுச்சு. நான் விட்டிருந்ததுல பாதிதான் அந்த வாயி. "போதும், ரெண்டு பேருக்கும் ஆவும்"னு சொல்லிட்டு மம்புட்டியக் கழுவிக் குடுத்துச்சு.

காலையில அம்மா தடிய ஊனிக்கிட்டு வயலுக்கே வந்துருச்சு. மேட்டு மூலையில மண்ணு தெரியுறதப் பாத்துச்சு, கீழ வயல்ல தண்ணி நிக்கிறதப் பாத்துச்சு, மடைய ரொம்ப நேரம் பாத்துச்சு.

"இந்த வாய யாரு வச்சது? நீ வைக்கலயே."

"அந்த ஆயாதான்."

"அதானே பாத்தேன்." அம்மா வரப்போரமா மெதுவா திரும்புச்சு. "அந்த மூலையில மண்ணு மேடா கெடக்கு, வர்ற கோடையில அத வெட்டி இந்தப் பக்கம் போடச் சொல்லணும், தண்ணி சமமா ஏறும்."